குறையைச் சொல்லி விற்றவர்

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் குறையைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய முறை. நல்லதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப் போய்விடாது என்பார். சரி, சொல்லிவிடுகிறேன். வாயை மூடத் தெரியாத மனிதர். வாசல்வரை வந்த வியாபாரத்தைப் பேசிப் பேசியே திருப்பி அனுப்புவார். தன்னுடையதைக் கெடுத்துக்கொண்டது போதாதென்று எனக்கு வந்த ஒரு கல்யாணத்தையும் கெடுத்தார். பிளேன் டீயில் சீனியை அள்ளிக் கொட்டுவார். பெரிய குறைகள் இவ்வளவுதான். இனி மற்றதற்கு வரலாம்.

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கடைவீதிக்குப் போகும் வழியில், ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் அவருடைய கடை இருந்தது. குடை, டோர்ச், சுவர்க் கடிகாரம், கல்குலேட்டர், ரேடியோ பட்டரி என்று கைக்கு அடக்கமான சாமான்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஊருக்குக் கம்பியூட்டர் வந்த புதிதில் அந்த அறையில் இரண்டு கம்பியூட்டர்களைப் போட்டு வகுப்பு ஆரம்பித்தார். டைப் அடிக்கவும் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு பெண் வேண்டும் என்று சேர்ச்சில் யாரோ சொல்ல, ஹாலிஎலப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு லயத்து வீட்டில் சும்மா இருந்தேன்.

முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, ஊரே அவரை நானா என்றது. அப்பாவும் நானா என்றார், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வேலையைப் பற்றி அப்பா கேட்டதும் அவர் சொன்ன முதல் பதில், சம்பளம் காணாது என்பது. அறை மழைக்கு ஒழுகும், ஒரு கம்பியூட்டர் நினைத்த நேரம் நின்றுவிடும், தனக்கு வாய் அதிகம், புள்ளைக்கு அலுத்துப் போகும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்பா ஒன்றும் விளங்காமல் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். திரும்பும் வழியில், "இவரு வேல இருக்குங்கிறாரா, இல்லங்கிறாரா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் நானே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், வேலை அப்படித்தான் ஆரம்பமானது.

அவர் குடை விற்பதைப் பார்க்க வேண்டும். உறையிலிருந்து எடுத்து, முழுதாக விரித்து, வாசல்வரை போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெதுவாகச் சுற்றுவார். துணியில் ஊசி போன ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். கண்டுபிடித்துவிட்டால் மனிதருக்கு ஒரு திருப்தி. "இந்தா, இதுல ஒரு ஓட்ட ஈக்கி. பொறகு நானா சொல்லல்லன்னு வரக் கூடாது" என்பார். ஓட்டை இல்லாவிட்டாலும் விட மாட்டார். கம்பி மெல்லிசு, காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும், ஈரக் கையில் பிடி வழுக்கும் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். இதில் ஒரு குறையும் இல்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

வாங்க வருகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் எங்கள் பெண்களுக்கு விலை பேசுவதைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பார்கள். நானா ஒவ்வொரு குறையாகச் சொல்லி முடிப்பார். பிறகு, "நீங்களே இம்புட்டு சொல்றீங்க, அப்ப கொறச்சிக் குடுங்க" என்பார்கள். நானா குறைத்துக் கொடுப்பார். பின்னறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாத்திரக் கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, கடைக்குப் பெயர்ப்பலகை எதற்கு, இங்கே நல்ல சாமான் கிடையாது என்று எழுதி மாட்டிவிடுங்கள் என்றார். நானாவும் சேர்ந்து சிரித்தார்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களுடைய மார்க்கத்தில் வியாபாரத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். குறை இருப்பது தெரிந்தும் மறைத்து விற்றால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொண்டு வரலாம். குறையைச் சொல்லி விற்றுவிட்டால் பிறகு அது வாங்கியவருடைய பொருள், திருப்ப முடியாது. அதே வீதியில் இருந்த மற்ற முதலாளிமாருக்கும் இந்தச் சட்டம் தெரியும். கேட்டால் சொல்வார்கள், கடைசியில் சொல்வார்கள், கொஞ்சம் சத்தம் குறைத்தும் சொல்வார்கள். இவர் ஒருவர்தான் சலாம் சொல்லி வாய் மூடுமுன் குறையில் ஆரம்பிப்பவர். எனக்கு டீ போட்டுத் தரும்போதுகூட அப்படித்தான். "சீனி கூட, சொல்லிட்டேன்" என்று சொல்லித்தான் மேசையில் வைப்பார். சீனியைக் குறைத்துப் போடலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

இப்படிப்பட்டவர் ஏமாந்த இடம்தான் ஃப்ளொப்பி. இன்றைக்கு உள்ளவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. உள்ளங்கை அளவு சதுரத்தில், ஒரு ஓரம் தகர மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டு. கம்பியூட்டரில் அடித்ததை அதில் ஏற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். வகுப்புக்கு வருகிற எல்லாரும் வாங்கினார்கள். அந்த நேரம் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி கடையை மூடுவதாகக் கேள்விப்பட்டு, நானா லொறி பிடித்துப் போய், அந்த ஆளுடைய கிட்டங்கியில் கிடந்த அத்தனை பெட்டியையும் வாங்கி வந்துவிட்டார். பின்னறையின் ஒரு பக்கச் சுவர் கூரைவரைக்கும் மறைந்துபோனது. கொஞ்ச காலம்தான். சீடி வந்தது, பிறகு சுண்டுவிரல் நீளத்தில் பென் டிரைவ் வந்தது, ஃப்ளொப்பியைத் தொட ஆள் இல்லை.

புறக்கோட்டைக்காரன் குறையை மறைத்துத் தலையில் கட்டிவிட்டான், உங்கள் சட்டப்படி திருப்பிக் கொடுங்கள் என்று நான் குதித்தேன். நானா இல்லையென்று தலையை ஆட்டினார். "அவனுக்கே தெரிஞ்சிருக்காது புள்ள. தெரிஞ்சு மறச்சாத்தான் குத்தம்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெட்டிகள் அங்கேயே கிடந்தன.

இனி என் கல்யாணத்தைக் கெடுத்த கதை. வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கிளார்க், வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகும், உறவில் யாராவது ஒருவர் யாருக்கும் சொல்லாமல், பெண் வேலை செய்யும் இடத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார்கள். மாப்பிள்ளையின் அத்தை குடை வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தார். நான் அன்றைக்கு வங்கிக்குப் போயிருந்தேன். அத்தை நானாவிடம், உங்கள் கடையில் நிற்கிற பெண் எப்படி என்று கேட்டிருக்கிறார்.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார்! கோபம் வந்தால் பேச மாட்டாள், நாள் கணக்கில் வாயே திறக்க மாட்டாள், அந்த நேரம் சுவரோடு பேசலாம் என்று நானா ஆரம்பித்திருக்கிறார். பொய் சொல்ல மாட்டாள், கை சுத்தம், ஒரு வேலையைக் கொடுத்தால் முடிக்காமல் எழும்ப மாட்டாள் என்றும் பிறகு சொல்லியிருக்கிறார். அத்தை முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது. விஷயம் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம்வரை போய், அப்பா கங்காணிக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நான் நானாவிடம் பேசவில்லை. அவர் சொன்னது உண்மைதான் என்று ஊருக்கே காட்டுவது போல நாள் கணக்கில் பேசவில்லை. அவரும் டீயை வைத்துவிட்டு, சீனி கூட என்று சொல்லிவிட்டு, போய்விடுவார். கடைசியில் ஒருநாள் உடைத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன நீங்க விக்கிற சாமானா நானா? என் கொறைய எதுக்குக் கூவி விக்கிறீங்க?"

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நானா வாயைத் திறந்தார், மூடினார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முகம் வாடிப்போய்விட்டது, எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்து லுணுகலையிலிருந்து ஒரு சம்பந்தம். இந்த முறை மாப்பிள்ளையே நேரில் கடைக்கு வந்து விசாரித்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை, நெடுநெடுவென்று உயரம், சட்டைப் பையில் பேனா. நானா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடையைக் கேளுங்கள், கடிகாரத்தைக் கேளுங்கள், மனுசரைப் பற்றி நான் பேச மாட்டேன், அவளிடமே கேளுங்கள் என்று பின்னறைக்கு அனுப்பிவிட்டார். வந்தவர் என் முன்னால் நின்று, உங்களுக்கு என்ன குறை என்று முதலாளி சொல்ல மாட்டேன் என்கிறார் என்றார். எனக்கு வந்த எரிச்சலில், கோபம் வந்தால் பேச மாட்டேன் என்று நானே சொன்னேன். "நல்லதுங்க, வீட்டுல சத்தம் இருக்காது" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், குறை தெரிந்து எடுத்தது, இனித் திருப்பிக் கொடுக்க முடியாது என்று நானாவின் சட்டத்தை அவர் என்னிடமே படிப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு சில வருடங்கள் லுணுகலையில் இருந்துவிட்டுப் பதுளைக்கே திரும்பி வந்தோம். வகுப்பு மூடிக் கிடந்தது. நான் சொந்தமாக ஒரு கம்பியூட்டரும் பிரிண்டரும் வாங்கி, பக்கத்துப் பேக்கரியின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், ஈபிஎஃப் படிவம், பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப மகளின் படம் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குனிந்தால் தலை படியில் இடிக்கும். மாவும் வெண்ணெயும் கலந்த வாசம் துணியை விட்டுப் போகாது. ஆனாலும் என் சொந்த மேசை. வீட்டுச் செலவில் பாதி அதிலிருந்துதான் போனது.

பேக்கரிக்காரர் ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். கேக் வைக்கிற கண்ணாடிக் குளிர்பெட்டி வாங்கப் போகிறார், அதற்கு அந்த மூலைதான் தோது, கிறிஸ்மஸுக்கு முன்னால் இடத்தை விட வேண்டும். கடைவீதியில் நான் ஏறாத மாடி இல்லை. கேட்கிற வாடகைக்கு என் பிரிண்டரையே கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மிச்சம் இருந்தது நானாவின் பின்னறை மட்டும். கடைக் கட்டடம் அவருடைய சொந்தம். போய்க் கேட்டேன்.

"அற ஒனக்குத்தான் புள்ள. சாமான் போகோணுமே" என்றார்.

சாமான் என்றது அந்த ஃப்ளொப்பி மலையை. நகரசபை குப்பை லொறியில் ஏற்றிவிடலாம் என்றேன். அவருக்கு அது சுட்டுவிட்டது. பாவிக்கக்கூடிய பொருளைக் குப்பையில் போடுவது ஹராம் என்றார். அப்படியானால் விற்றுத் தொலைப்போம் என்று போனில் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டேன். அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து ஒரு பையன் வேனோடு வந்து இறங்கினான். பழைய கம்பியூட்டர் சாமான்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன். பெட்டிகளைப் பார்த்ததும் கண் விரிந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அத்தனையையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். எனக்கு மேசையை எங்கே போடுவது என்றுகூட மனசில் வந்துவிட்டது.

நானா குறுக்கே வந்தார். இது சுவர் ஓரம் கிடந்த சாமான், ஐப்பசி மழைக்கு அந்தச் சுவர் ஊறும், உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும், எத்தனை வேலை செய்யும் எத்தனை செய்யாது என்று எனக்கே தெரியாது என்றார். பரவாயில்லை என்றான் பையன். உங்களுக்குப் பரவாயில்லை, உங்களிடம் வாங்குகிறவனுக்கு நீங்கள் சொல்வீர்களா என்று நானா கேட்டார். பையன் சிரித்தான். குறை இன்னதென்று தெரியாமல் எப்படிச் சொல்லி விற்பது, பார்த்துப் பிரித்த பிறகு வாருங்கள் என்று நானா அவனை அனுப்பிவிட்டார். வேன் வெறுமையாகத் திரும்பிப் போனது. நான் பேக்கரி மூலைக்குப் போய் உட்கார்ந்தேன், பேச்சு நின்றுவிட்டது. என் குறைதான் உங்களுக்குத் தெரியுமே.

கோபம் ஆறி நான் மறுபடி போனபோது, நானா பழைய கம்பியூட்டர் ஒன்றைத் தூசி தட்டி மேசையில் ஏற்றிவைத்திருந்தார். பக்கத்தில் ஸ்பிரிட் போத்தலும் பஞ்சும். சரி பார்த்துவிடுவோம் என்றார். பின்னேரம் என் வேலை முடிந்ததும் நான் அங்கே போவேன். ஒவ்வொன்றாக எடுத்து, தகர மூடியைத் தள்ளி, உள்ளே இருக்கிற கறுப்பு நாடாத் தட்டை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பூஞ்சணம் இருந்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதை நானா பூ என்பார். "பூ ஈக்கா பாரு புள்ள" என்று என்னிடம் நீட்டுவார். பூ இல்லாததைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்ப்போம். நல்லது ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம், செத்தது ஒரு பக்கம்.

முதல் நாளே அவர் வெளிச்சம் காணாது என்றார். பல்பை மாற்றினேன். அதுவும் மங்கல் என்றார். இன்னும் பெரிய பல்பு போட்டேன், எனக்குக் கண் கூசியது. இந்தக் காலத்துப் பல்பு எல்லாம் பொய் என்று அதற்கும் ஒரு குறை சொன்னார். திரையில் வருவதை என்னைத்தான் வாசிக்கச் சொல்வார், எழுத்தைச் சின்னதாகப் போட்டிருக்கிறான் என்பார். ஆனால் நான் வாசிப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். ஃப்ளொப்பி சுற்றுகிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். கரகரத்தால் "இது மவ்த்து" என்று கையை நீட்டி வாங்கி, செத்த பக்கம் போடுவார். நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூளை என்னிடம் கொஞ்சம் குறைவுதான், வேறென்ன சொல்ல?

அந்தப் பின்னேரங்கள் எனக்குப் பிடித்திருந்தன, அதையும் சொல்ல வேண்டும். வெளியே பஸ்காரர்கள் பண்டாரவளை, பண்டாரவளை என்று கத்துவார்கள். நானா வகுப்புக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசுவார், யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று. எல்லாரைப் பற்றியும் நல்லதாகவே சொன்னார். ஒருவருடைய குறையும் அவர் வாயில் வரவில்லை. சாமானுக்கு இரக்கம் காட்டாத மனிதர், ஆட்களை மட்டும் விட்டுவிடுவது எனக்கு அப்போதுதான் பட்டது.

கார்த்திகை பிறந்து, பேக்கரிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில் பண்டாரவளையிலிருந்து ஓர் அம்மா வந்தார். பாடசாலைச் சின்னம், சேலை பிளவுஸுக்குப் பூ என்று மெஷினில் எம்ப்ராய்டரி போட்டுக் கொடுப்பவர். அவருடைய மெஷின்கள் பழையவை, பூவின் படத்தை ஃப்ளொப்பியில் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளும். வேறெதையும் தொடாதாம். பேஸ்புக்கில் என் படத்தைப் பார்த்துவிட்டுக் கார் பிடித்து ஓடி வந்திருந்தார். நான் நானாவைப் பார்த்து, தயவுசெய்து என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் கவனிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

வழக்கம் போல ஆரம்பித்தார். இந்தப் பக்கம் உள்ளது ஓடும், ஆனால் வாங்கிக் கன காலம், எவ்வளவு நாளுக்கு என்று சொல்ல ஏலாது. அந்தப் பக்கம் சந்தேகம். இந்தா கிடப்பது மவ்த்து, இதை விற்க மாட்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் தோட்டத்துப் பெண்களையே தோற்கடிக்கிற மாதிரி, அவர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் ஒரு பிடி விலை குறைத்தார். நானா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சந்தேகப் பெட்டிகளைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அம்மா போகும்போதுதான் சொன்னார், எங்கே வாங்கினாலும் புத்தம் புதுசு என்பார்களாம், பாதிப் பூவில் மெஷின் நின்றுவிடுமாம். எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லி விற்ற ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம். அதைக் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் விலையாவது நின்றிருக்கும்!

சுவர் வெளியே வந்தது. சுண்ணாம்பு பூசி, மேசையையும் பிரிண்டரையும் கொண்டு வந்து போட்டேன். சாவியைத் தருவதற்கு முன்னால் நானா அறையின் குறையைச் சொல்ல வேண்டும் என்று நின்றார். மேற்கு மூலை ஒழுகும். மழை நாளில் அந்த பிளக்கைத் தொடக் கூடாது, சுருக்கென்று பிடிக்கும். கதவு ஊதிக்கொள்ளும், தோளால் தள்ள வேண்டும். எல்லாம் கேட்டாயா என்றார். கேட்டேன் என்றேன். அப்படியானால் இனித் திருப்ப ஏலாது என்று சாவியைக் கையில் வைத்தார். நான் அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக்குக் கேக் அனுப்பினேன். பேக்கரி மூலையின் வாசம் துணியிலிருந்து போயிருந்தது, மனசு நிறைந்திருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் நல்ல மழை. நனைந்துகொண்டே ஒரு பெண் கடைக்குள் ஓடி வந்து குடை கேட்டார். நான் பின்னறைக் கதவருகே காகிதம் வெட்டிக்கொண்டு நின்றேன். நானா குடையை உறையிலிருந்து எடுத்தார், முழுதாக விரித்தார், வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றினார். கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கிழிசல். என் விரல் நுழையும். நான் நின்ற இடத்திலிருந்தே அதன் வழியாக எதிர்க் கடையின் சிவப்புப் பலகை தெரிந்தது.

"இதுல ஒரு கொறயும் இல்ல" என்றார் நானா.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, நானாவே சொல்லிவிட்டார் என்று கையை நீட்டினார். நான் போய் அந்தக் குடையை வாங்கிவைத்துவிட்டு வேறொன்றை எடுத்து, விரித்துப் பார்த்து, பிடி வழுக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். பல்பு, சின்ன எழுத்து, என்னிடம் நீட்டிய ஃப்ளொப்பி, கண்ணால் நான் கெஞ்சியது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"எப்ப இருந்து நானா?"

அவர் மழுப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் ஓரத்தில் துடைத்தபடி சொன்னார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரு கண் போய்க் கன நாள், மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது. கொழும்புப் பையன் வேன் கொண்டு வருவதற்கு முன்பே டொக்டர் சொல்லிவிட்டார். மாதம் முடிய மகள் வந்து புத்தளத்துக்குக் கூட்டிப் போகிறாள். முன்பக்கம் போன் விற்கிற ஒருவருக்குப் பேசியாகிவிட்டது. பின்னறையைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள், அது உனக்கு என்று சொல்லித்தான் முன்பக்கத்தைக் கொடுத்தேன் என்றார்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"ஊர்ல உள்ள கொடைக்கெல்லாம் கொற சொன்னீங்க. ஒழுகுற மூலையக்கூட சொன்னீங்க. இத மட்டும் ஏன் எனக்குச் சொல்லல?"

நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் இருக்கிற பக்கமாகத் திரும்பினார்.

"விக்கிற சாமானுக்குத்தானே புள்ள கொற சொல்லோணும். நான் என்ன விக்கிற சாமானா?"

கேலியாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அது என் வாய்ச் சொல். கடையில் ஆட்கள் பார்க்க நான் வீசியதை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

நான் உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். எப்போதும் போல வாய் பூட்டிக்கொண்டது. முன்னால் கேத்தல் சூடாகிற சத்தம், பிறகு கரண்டி சீனிப் போத்தலில் தட்டுகிற சத்தம். நானா டீயோடு வந்தார். மற்றக் கையால் மேசையின் விளிம்பைத் தேடிப் பிடித்து, கோப்பையை வைத்தார். "சீனி கூட, சொல்லிட்டேன்" என்றார். என் பேச்சு நின்றால் டீயை வைத்துவிட்டுப் போய்விடுகிறவர், அன்றைக்குப் போகவில்லை. விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. என் கோபம் கேட்கிற நாள்களைக் கொடுத்தால், பேச வாய் திறக்கும்போது அவர் புத்தளத்தில் இருப்பார். பூட்டை நானே உடைத்தேன்.

"இனி உங்களுக்குச் சீனி இல்லாத டீதான் நானா. நான்தான் போடுவேன்."

"சரி புள்ள" என்றார். "இத என்ன செய்ற?"

குறையைச் சொல்லித் தந்த டீ. திருப்பிக் கொடுக்க முடியாது. எடுத்துக் குடித்தேன்.